கேட்வே வரை வந்த படகு

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. மும்பையின் தென்கோடியில் கொலாபாவுக்கு வெளியே ரோந்து போய்க்கொண்டிருந்த போலீஸ் படகின் கண்ணில் ஒரு விசைப்படகு பட்டது. அந்தக் கரையில் ஓடும் படகுகளின் சாடை அதற்கு இல்லை. பக்கத்தில் போய் மறித்தார்கள். உள்ளே மூன்று பேர். கையில் ஆயுதமும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. கொண்டுவந்த உணவும் தீர்ந்துபோயிருந்தது. மூவரும் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள்.

குவைத்தில் மீன்பிடி வேலைக்குப் போனவர்கள். சம்பளம் வரவில்லை, அடி விழுந்தது, கடவுச்சீட்டு முதலாளி கையில் சிக்கிக்கொண்டது. வேறு வழி தெரியாமல் ஜனவரி கடைசியில் முதலாளியின் படகையே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வளைகுடாவைக் கடந்து, ஓமன் பக்கம் வந்து, அரபிக் கடலைக் குறுக்கே வெட்டிப் பத்து நாள் ஓட்டம். ஒரு ஜி.பி.எஸ் கருவியையும் தங்கள் கடல் அறிவையும் மட்டும் நம்பி அவர்கள் ஊர் திரும்பிய கதையைப் படித்த அன்று மனம் கனத்துப்போனது. போலீஸார் படகைக் கேட்வே ஆஃப் இந்தியா அருகே கொண்டுவந்து கட்டினார்கள். முறையான பயண ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் வந்ததாக மூவர் மீதும் வழக்குப் பதிவானது.

அதே செய்தி மும்பைவாசிகளுக்கு வேறொரு கலக்கத்தைக் கொடுத்தது. வெளிநாட்டுப் படகு ஒன்று நகரத்தின் வாசல்படி வரைக்கும் வந்திருக்கிறது. அதுவரை யாரும் நிறுத்தவில்லை. வந்தவர்கள் பசியோடு வந்த நம் பிள்ளைகளாக இருந்தது அதிர்ஷ்டம். அந்த நகரத்துக்கு எப்போதும் அப்படி அதிர்ஷ்டம் வாய்த்ததில்லை.

கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த இரவு

2008 நவம்பர் 26. கட்டாக்கில் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் ஒருநாள் ஆட்டம். கஃப் பரேடுக்குப் பக்கத்தில், பத்வார் பார்க்கை ஒட்டியுள்ள மச்சிமார் நகர் மீனவர் குடியிருப்பில் பல வீடுகளில் டி.வி ஓடிக்கொண்டிருந்தது. இரவு ஒன்பது மணி வாக்கில் யமஹா அவுட்போர்டு என்ஜின் பூட்டிய ஒரு ரப்பர் படகு கரை தட்டியது. முதுகில் கனத்த பைகளோடு பத்து இளைஞர்கள் வந்திருந்தார்கள். கரையில் நின்ற மீனவர்கள், யாரப்பா நீங்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார்கள். எரிச்சலான பதில்தான் வந்தது. இறங்கியவர்கள் பிரிந்து, டாக்ஸி பிடித்து நகருக்குள் போனார்கள். தாஜ் ஹோட்டல், ட்ரைடன்ட், சத்ரபதி சிவாஜி ரயில் நிலையம், லியோபோல்ட் கஃபே, காமா மருத்துவமனை, நரிமன் ஹவுஸ் எனப் பல இடங்களில் சுட்டுத் தள்ளினார்கள். மூன்று நாட்களில் 166 உயிர்கள் போயின. கிர்காவ் சௌபாத்தியில், கடலைப் பார்த்த சாலையில், கையில் லத்தி மட்டும் வைத்திருந்த உதவி சப் இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே துப்பாக்கிக் குழலைத் தன் உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டதால்தான் அந்தப் பத்துப் பேரில் ஒருவனான அஜ்மல் கசாப் உயிரோடு சிக்கினான்.

ஆனால், அந்தப் படுகொலையில் முதலில் இறந்தவர்கள் மும்பைக்காரர்கள் அல்ல. அது எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். போர்பந்தரிலிருந்து மீன்பிடிக்கக் கிளம்பிய 'குபேர்' என்ற விசைப்படகில் ஐந்து பேர் இருந்தார்கள். கராச்சியிலிருந்து வந்த அந்தப் பத்துப் பேர் நடுக்கடலில் அந்தப் படகைப் பிடித்தார்கள். நான்கு பேரைக் கொன்றார்கள். வழி தெரிந்த படகோட்டியை மட்டும் உயிரோடு வைத்து, மும்பையின் விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தூரம் வரைக்கும் அவரையே ஓட்ட வைத்து, பிறகு கழுத்தை அறுத்தார்கள். நூற்றுக்கணக்கான குஜராத் படகுகளுக்கு நடுவே குபேரும் ஒன்றாக வந்தது. அதன் பதிவெண் அசல். மரமும் வலையும் அசல். யார் சந்தேகப்படுவார்கள்?

கடல் வழியாக ஆபத்து வரும் என்று உளவுத்துறை முன்கூட்டியே சொல்லியிருந்தது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே மும்பை அந்தப் பாடத்தை ரத்தத்தில் படித்தும் இருந்தது. 1993 மார்ச் 12 தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர் இறந்தார்களே, அந்த ஆர்.டி.எக்ஸ் வந்து இறங்கியது ராய்காட் மாவட்டத்துக் கடற்கரைகளில்தான். காசு வாங்கிக்கொண்டு அதைப் போக விட்ட போலீஸ்காரர்களும் சுங்க அதிகாரிகளும் பின்னால் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். அப்போதே கடற்படையும் கோஸ்ட் கார்டும் சேர்ந்து 'ஆபரேஷன் ஸ்வான்' என்ற பெயரில் மகாராஷ்டிர, குஜராத் கரைகளில் ரோந்தைத் தொடங்கின. அந்த ரோந்தும் நடப்பில் இருக்கும்போதுதான் ரப்பர் படகு வந்து சேர்ந்தது.

படகில் ஏறிப் பார்த்தால் தெரியும்

மும்பைத் துறைமுகத்தைக் காப்பது என்றால் என்ன என்பது கரையில் நிற்பவருக்குப் புரியாது. கேட்வேயில் எலிபெண்டா தீவுக்குப் போகும் படகில் ஏற வேண்டும். ஒரு மணி நேரப் பயணம். டீசல் புகையும் கடல் பறவைகளுக்குப் பொரி வீசும் குழந்தைகளின் கூச்சலுமாகப் படகு கிளம்பும். இடது பக்கம் கடற்படைத் தளம், சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள். கொஞ்சம் தள்ளி மும்பைத் துறைமுகத்தின் பழைய டாக்குகள். எண்ணெய்க் கப்பல்கள் வந்து கட்டும் ஜவாஹர் தீவு. வடக்கே தூரத்தில் டிராம்பே, அங்கே பாபா அணு ஆராய்ச்சி மையம். எதிர்க்கரையில் நவா சேவா, அதாவது ஜவாஹர்லால் நேரு துறைமுகம். நாட்டின் கன்டெய்னர் சரக்கில் பெரும்பங்கைக் கையாளும் இடங்களில் ஒன்று. இவை அத்தனையும் ஒரே நீர்ப்பரப்பைச் சுற்றி இருக்கின்றன. அந்த நீர்ப்பரப்பில் கன்டெய்னர் கப்பலும், பயணிகள் படகும், பணக்காரர்களின் யாட்டும், பைலட் படகும், கோலி சமூகத்து மீனவரின் சின்ன ஃபைபர் படகும் ஒன்றை ஒன்று குறுக்கிட்டுப் போய்க்கொண்டே இருக்கின்றன.

சாலையில் ஒரு நாக்காபந்தி, அதாவது தடுப்பு வைத்துச் சோதனை, வைத்தால் வண்டிகள் வரிசையில் வரும். கடலில் வரிசை கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம், எங்கு வேண்டுமானாலும் ஒதுங்கலாம். அதோடு மும்பைக் கடலின் ஏற்றமும் வற்றமும் வேறு. பௌர்ணமி, அமாவாசை நாட்களில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வற்றும்போது பல மீனவக் குடியிருப்புகளின் முன்னால் கடலே இருக்காது, முழங்கால் ஆழச் சேறுதான் இருக்கும். படகுகள் அந்தச் சேற்றில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். போலீஸ் படகுக்கும் இதே கதிதான். எல்லா நேரமும் ஆழம் இருக்கிற ஒரு கட்டுத்துறை அதற்குச் சொந்தமாக இல்லை என்றால், அவசர அழைப்பு வரும் நேரத்தில் வற்றமாக இருந்தால், உலகத்திலேயே வேகமான என்ஜினும் அசையாது.

துறைமுகத்துக்கென மும்பை காவல்துறையில் தனி மண்டலம் உண்டு. அதில் 'யெல்லோ கேட்' காவல் நிலையம் பெயர் பெற்றது. துறைமுகத்தின் பழைய வாயில் ஒன்றின் பெயரைத் தாங்கிய அந்த நிலையத்துக்குக் கடலும் எல்லைக்குள் வருகிறது. இவை தவிர 'சாகரி' என்ற பெயரில் கடலுக்கென்றே நிலையங்கள் இருக்கின்றன. ஏட்டில் உள்ள வேலைப் பங்கீடு எளிது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரைக்கும் மாநிலத்தின் கடலோர போலீஸ், அதற்கு அப்பால் கோஸ்ட் கார்டு. 26/11 தாக்குதலுக்குப் பிறகு கடல் பாதுகாப்பின் மொத்தப் பொறுப்பு கடற்படைக்கு. மூன்று வளையங்கள். கேட்கும்போது நிம்மதியாகத்தான் இருக்கிறது.

குவைத் படகு எத்தனை வளையங்களைத் தாண்டி வந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

வாங்கியது பாதி வேலை

மத்திய அரசு 2005லேயே கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. முதல் கட்டத்தில் நாடு முழுக்க 73 கடலோரக் காவல் நிலையங்களும் 204 படகுகளும் அனுமதிக்கப்பட்டன. 2011ல் இரண்டாம் கட்டம். இன்னும் 131 நிலையங்கள், 60 கட்டுத்துறைகள், மேலும் படகுகள். 5 டன், 12 டன் எடையுள்ள வேகப் படகுகளைக் கோவாவிலும் கொல்கத்தாவிலும் உள்ள அரசு கப்பல் கட்டும் தளங்கள் கட்டிக் கொடுத்தன. மகாராஷ்டிர அரசு தன் பங்குக்கும் வாங்கியது. தண்ணீரில் ஓடி அப்படியே மணலில் ஏறி வரும் சக்கரம் வைத்த படகுகள் நியூஸிலாந்திலிருந்து வந்தன. கொடியசைத்துத் தொடங்கி வைத்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன.

அதற்குப் பிறகு நடந்ததற்குப் படங்கள் இல்லை. உப்புக் காற்றில் ஒரு படகு எப்படித் தேயும் என்பது நம் மீனவர்களைக் கேட்டால் தெரியும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அடியில் ஒட்டும் சிப்பியைச் சுரண்ட வேண்டும். ஒயரிங்கில் பச்சைப் பூக்கும். கழுவி, எண்ணெய் பூசி, ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் என்ஜின் என்ஜினாக இருக்கும். ஒரு மீனவக் குடும்பத்துக்குப் படகுதான் சோறு, அதனால் இதையெல்லாம் செய்வார்கள். அரசுப் படகுக்கோ பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்தால் புதுப்பிக்கக் கோப்பு நகர வேண்டும், உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், டீசலுக்குத் தனியாக நிதி வர வேண்டும். வேகப் படகு டீசலைத் தண்ணீராகக் குடிக்கும். ஒதுக்கீடு தீர்ந்தால் ரோந்து மணி நேரம் குறையும், படகு கட்டுத்துறையிலேயே ஆடிக்கொண்டிருக்கும். படகுகள் பழுதாகிக் கிடக்கின்றன என்று தணிக்கை அறிக்கைகளும் பத்திரிகைகளும் மறுபடி மறுபடி எழுதியது இதைத்தான். அந்தச் சக்கரப் படகுகளும் சில ஆண்டுகளில் ஓய்ந்தன.

ஆட்களின் பாடும் சொல்லத் தகுந்தது. ஒருவர் விதர்பாவிலோ மராத்வாடாவிலோ பிறந்து, நிலத்தில் ஓடி உடல்தகுதித் தேர்வில் தேறி, போலீஸில் சேர்ந்திருப்பார். கடலையே பார்க்காமல் வளர்ந்தவருக்குப் பணி மாறுதலில் படகு கிடைக்கும். முதல் நாள் வாந்தி, இரண்டாம் நாள் வாந்தி. மூடிய அறையில்லாத சின்னப் படகில் மே மாத வெயிலில் எட்டு மணி நேரம். கழிப்பறை கிடையாது என்பதால் பெண் காவலர்கள் படும் பாடு தனி. படகை ஓட்டும் சாரங், என்ஜினைப் பார்க்கும் டிரைவர், கயிறு பிடிக்கும் கலாசி என்ற தொழில்நுட்ப வேலைகளுக்கு ஓய்வுபெற்ற கடற்படை வீரர்களை ஒப்பந்தத்தில் எடுத்து ஓட்டுகிறார்கள். கடலோர போலீஸுக்கென்றே குஜராத்தின் துவாரகைக் கரையில் தேசியப் பயிற்சிக் கழகம் 2018ல்தான் தொடங்கியது. முதல் படகுகள் அனுமதிக்கப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து! இத்தனைக்கும் நடுவே விடியற்காலையில் கிளம்பி, தினமும் அதே தண்ணீரில், எதுவும் நடக்காத ரோந்தைக் கண்ணை மூடாமல் செய்யும் காவலர்கள் இருக்கிறார்கள். குவைத் படகைப் பிடித்தவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். அவர்களுக்கு இந்த நாடு இன்னும் நல்ல படகையும் நல்ல சம்பளத்தையும் கடன்பட்டிருக்கிறது.

ஆள் இல்லாத கப்பல்

2011 ஜூலை 31, ஞாயிறு. ஜுஹு, வெர்சோவா பக்கம் கடற்கரைக்கு வந்தவர்கள் கண் முன்னால் ஒரு கப்பல் தரைதட்டி நின்றது. பெயர் 'பவித்'. சுமார் ஆயிரம் டன் எடை. உள்ளே ஒருவர் கூட இல்லை. ஓமன் அருகே என்ஜின் அறைக்குள் தண்ணீர் புகுந்து, மாலுமிகளைப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் காப்பாற்றிக் கொண்டுபோக, மூழ்கிவிட்டது என்றே எல்லோரும் நினைத்த கப்பல். அது ஒரு மாதம் தானாக மிதந்து, அரபிக் கடலைக் கடந்து, மும்பைக் கரையில் ஏறி நின்றது. ஏதோ ரேடார் பார்த்திருக்க வேண்டும், ஏதோ ரோந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. 26/11 முடிந்து மூன்று ஆண்டுகள் கூட ஆகாத நேரம் அது.

பருவமழை, கொந்தளிப்பு, தெளிவில்லாத பார்வை என்று காரணங்கள் சொன்னார்கள். அவை உண்மைதான். சின்ன ரோந்துப் படகுகள் அந்த அலையில் இறங்கவே முடியாது. ஆனால், எனக்குத் தோன்றும் காரணம் வேறு ஒன்று. அப்போது மழைக்கால மீன்பிடித் தடை நடப்பில் இருந்தது. கோலிகளின் படகுகள் எல்லாம் கரையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. வழக்கமாக அந்தக் கடலில் இரவும் பகலும் வலை போட்டுக்கொண்டிருக்கும் மனிதர்கள் ஒருவரும் அங்கே இல்லை. அவர்கள் இருந்திருந்தால் ஆளில்லாத கப்பல் ஒன்று மிதந்து வருவது முதல் நாளே கரைக்குத் தெரிந்திருக்கும். 2022 ஆகஸ்ட்டில் ராய்காட்டின் ஹரிஹரேஷ்வர் கரையில் துப்பாக்கிகளோடு ஒரு ஆளில்லா யாட் ஒதுங்கியதும் மழைக்காலத்தில்தான். அதுவும் ஓமன் பக்கம் கைவிடப்பட்ட படகு, அதுவும் கரைக்கு வந்த பிறகே தெரிந்தது.

ரேடாருக்கு ஒரு குறை உண்டு. பெரிய கப்பல் தன் பெயரையும் போகும் திசையையும் தானியங்கிக் கருவி மூலம் சொல்லிக்கொண்டே போகும். 20 மீட்டருக்குக் குறைவான மீன்பிடிப் படகுகளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. நாட்டில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்பிடிப் படகுகள் உள்ளன, பெரும்பாலானவை சிறியவை. திரையில் அவை பெயரில்லாத புள்ளிகள். மாநிலத்துக்கு ஒரு நிறம், மீனவருக்கு அடையாள அட்டை, படகுக்குப் பதிவெண் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்கள். இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டமும் நடக்கிறது. எல்லாம் தேவைதான். ஆனால் குபேர் படகின் பதிவெண் அசல் என்று முன்பே சொன்னேன். புள்ளியின் பெயர் தெரிந்தாலும், அதை ஓட்டுபவரின் கழுத்தில் கத்தி இருக்கிறதா என்பது திரையில் தெரியாது.

அது யாருக்குத் தெரியும்? பக்கத்துப் படகுக்குத் தெரியும். சசூன் டாக்கில் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் நின்றால் இது விளங்கும். 1875ல் திறந்த டாக் அது. ஐஸ் நொறுக்கும் சத்தம், ஏலம் கூவும் பெண்களின் குரல், கால் வைக்கும் இடமெல்லாம் மீன் செதில். உள்ளே நுழையும் படகு கரை தட்டுவதற்கு முன்பே அது யாருடைய படகு, எந்த ஊர்ப் படகு, தண்டேல் யார், எத்தனை நாள் கழித்து வருகிறது என்று அங்கே நிற்கும் பெண்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கோலிகள் படகுத் தலைவரைத் தண்டேல் என்கிறார்கள், நம் கரையில் தோணிக்காரர்கள் தண்டல் என்பதுபோல. என்ஜின் சத்தத்தை வைத்தே படகைச் சொல்பவர்கள் அவர்கள். 2008ல் மச்சிமார் நகரில் அந்த ரப்பர் படகைப் பார்த்து முதல் கேள்வி கேட்டவர்களும் இந்தச் சனம்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கி உடனே ஓடிவர அப்போது யாரும் இல்லை.

இன்று 1093 என்ற எண் இருக்கிறது, கடலோர போலீஸுக்கு. கோஸ்ட் கார்டுக்கு 1554. எண்ணைச் சுவரில் எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொரு நாளும் படகை நிறுத்தி லைசென்ஸ் எங்கே, அட்டை எங்கே, எத்தனை ஆள் என்று அதட்டும் அதே காக்கிச் சட்டைக்கு மீனவர் மனமுவந்து போன் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அட்டையைத் தண்ணீரில் தவறவிட்டவரை அரை நாள் உட்கார வைத்தால் அவருடைய அன்றைய மீன் அழுகும். அடுத்த முறை சந்தேகப் படகைப் பார்த்தாலும் எனக்கென்ன என்று போய்விடுவார். கேரளம் மீனவ இளைஞர்களைக் கடலோர வார்டன்களாக வேலைக்கு எடுத்தது. தமிழ்நாட்டில் ஊர்க்காவல் படையில் மீனவ இளைஞர்களைச் சேர்த்தார்கள். மும்பையின் துறைமுக ரோந்தில் ஒவ்வொரு படகிலும் ஒரு கோலி வீட்டுப் பிள்ளை சம்பளத்தோடு, சீருடையோடு இருக்க வேண்டும். சசூன் டாக் பெண்களின் கண் அப்போது ரோந்துப் படகிலும் இருக்கும்.

இந்தப் படகுகளின் வேலை பயங்கரவாதியைப் பிடிப்பது மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 2024 டிசம்பர் 18 பிற்பகல், கேட்வேயிலிருந்து எலிபெண்டாவுக்கு நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு போன 'நீல்கமல்' படகின் மீது, என்ஜின் சோதனையில் கட்டுப்பாடு இழந்த கடற்படை வேகப் படகு மோதியது. சில நிமிடங்களில் படகு கவிழ்ந்தது. எல்லோருக்கும் உயிர்காப்பு உடை இல்லை. 15 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. நான்கு ஹெலிகாப்டர்களும் கடற்படையின் பதினொரு படகுகளும் கடலோர போலீஸின் மூன்று படகுகளும் கோஸ்ட் கார்டு படகு ஒன்றும் மீட்புக்குப் போயின. ஆனால் தண்ணீரில் தத்தளித்தவர்களில் பலரை முதலில் கைபிடித்துத் தூக்கியது, அந்த வழியாகப் போன துறைமுக பைலட் படகும் பக்கத்தில் இருந்த மற்றப் படகுகளும்தான். கடலில் மூழ்குகிறவருக்கு ஐந்து நிமிடம் என்பது மிக நீளம். பக்கத்தில் இருப்பவர்தான் காப்பாற்ற முடியும். ரோந்துப் படகு கட்டுத்துறையில் இல்லாமல் தண்ணீரில் இருக்க வேண்டும் என்று மும்பைக்காரர்கள் கேட்பது அதனால்தான்.

அந்த விபத்துக்குப் பிறகு கேட்வே படிகளில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு உடை கட்டாயம் என்றார்கள். ஆரஞ்சு நிற உடையை மாட்டிக்கொண்டு, கயிற்றை இறுக்கத் தெரியாமல் ஒரு பாட்டி தன் பேத்தியிடம் முதுகைக் காட்டி நிற்கிறார். படகின் பையன் குனிந்து கட்டிவிடுகிறான். சற்றுத் தள்ளி, கன்னியாகுமரிப் பிள்ளைகளின் படகைக் கொண்டுவந்து கட்டிய அதே தண்ணீரில், சாம்பலும் வெள்ளையுமாக ஒரு போலீஸ் படகு மெதுவாகத் திரும்பி, என்ஜினை முறுக்கிக்கொண்டு, தெற்கே கலங்கரை விளக்கம் இருக்கும் பக்கம் போகிறது.